92% ஏஐ என்று கருவி சொன்னால் பதிவை நீக்கிவிடுவதா?

கரிசல்மண்: ஊர்க் கண்மாய் உடைந்த கதையை ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். குழு நிர்வாகி அதை ஏதோ கருவியில் போட்டு, '92% ஏஐ' என்று சொல்லித் தூக்கிவிட்டார். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அவர்கள் சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26% தான் சிக்கியது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்துக்கு ஏஐ என்று வீண்பழி.

மாறன்_கோவை: வெறும் 9% தானே? தினமும் வந்து குவிகிற குப்பையை நீங்களா அள்ளப்போகிறீர்கள்?

கரிசல்மண்: 'தானே'வா? நூற்றுக்கு ஒன்பது பேர் ஐயா! 2023ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று வந்தது. அடுத்த சொல்லைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்று சந்தேகிப்பதுதான் இந்தக் கருவிகள் பலவற்றின் வழி. எளிமையாக எழுதுகிறவன் மாட்டிக்கொள்கிறான்.

வெண்ணிலா: அது ஆங்கிலக் கணக்கு. தமிழுக்கு எதற்கு இழுக்கிறீர்கள்?

மாறன்_கோவை: அப்படிக் கேளுங்க. தமிழில் 9% கூட வராது.

கரிசல்மண்: மற்ற மொழிகளில் இன்னும் மோசம், ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஓபன்ஏஐயே எழுதி வைத்திருந்தது. ஆயிரம் எழுத்துக்குக் குறைந்தால் நம்பாதீர்கள் என்றும் சொன்னது. முகநூல் பதிவு எவ்வளவு நீளம் இருக்கும்?

மாறன்_கோவை: அது பழைய கருவி. கூகுளின் சிந்த்ஐடி வந்தாயிற்று, தெரியாதா?

கரிசல்மண்: அது கூகுளின் ஏஐயான ஜெமினி எழுதும்போதே சொல் தேர்வில் ஒளித்து வைக்கிற குறி. குறி வைக்காத இயந்திரம் எழுதினால் அது என்ன செய்யும்? கண்மாய்க்காரருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பழையபேப்பர்: அண்ணே, போன பொங்கலுக்கு என் கவிதையை 'மெஷின் எழுதியது' என்றது யார்? நீங்கள்தானே?

கரிசல்மண்: நான் கருவியில் போடவில்லை. வரிவரியாகப் படித்துவிட்டுச் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

பழையபேப்பர்: இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் கண்ணுக்கு எத்தனை சதவீதம் பிழை வரும்?

வெண்ணிலா: அந்தக் கவிதையில் சந்திப்பிழை இருந்ததே. மெஷின் அப்படி எழுதாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பழையபேப்பர்: ஆதரவா இது? உங்களை யார் கேட்டது?

மாறன்_கோவை: எப்படிப் பார்த்தாலும் 9% சின்ன எண்தான்.

கரிசல்மண்: ஒன்பது பேர்! அந்தப் பதிவை முதலில் திரும்பப் போடச் சொல்லுங்கள்.