பாறைக்குழியில் குப்பை கொட்ட வருகிறார்கள், அடிஸ் அபாபா மாதிரி எரிக்கும் ஆலை கேட்கலாமா?

பாறைக்குழி ஊர்:

எங்கள் ஊருக்கு மேற்கே கல் உடைத்து முடித்துவிட்டுப் போன பெரிய பாறைக்குழி ஒன்று கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், ஆடு மாடு குடிக்கும், பக்கத்துக் காட்டுக்காரர்கள் மோட்டார் வைத்து இறைப்பதும் உண்டு. பக்கத்து நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து அதை நிரப்பப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஊர்ப் பெயரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு லாரியைக்கூட உள்ளே விடக் கூடாது என்றார்கள். மீதிப் பேர், குப்பையை எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும், எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை கட்டித் தரச் சொல்லிக் கேட்போம், எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவிலேயே கட்டிவிட்டார்கள் என்றார்கள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நம் பக்கத்திலிருந்து மில் வேலைக்கும் போர் போடுகிற ரிக் வண்டியிலும் ஆப்பிரிக்கா போனவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த ஆலை நிஜமாகவே ஓடுகிறதா? அது வந்ததும் குப்பைமேடு போய்விட்டதா? அவ்வளவு பெரிய ஊரில் வீட்டுக் குப்பையை யார் எடுக்கிறார்கள், அதற்குக் காசு யார் தருகிறார்கள்? கிராம சபைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும், சொல்லுங்க.

நூல் மில்:

அடிஸில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். ஆலைக்கு முன்னால் அந்த மேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகரத்தின் தென்மேற்கில் கோஷே என்று ஒரு குப்பைமேடு, ரெப்பி என்றும் சொல்வார்கள். 1960களிலிருந்து நகரத்துக் குப்பை அங்கேதான் போனது. ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடம், ஊர் வளர வளரச் சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, மேட்டை ஒட்டியே குடிசை போட்டுக் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் ஏராளம். 2017 மார்ச் 11 இரவு மேட்டின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து 110 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

உங்கள் ஊர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய வருஷம் நடந்ததை. கோஷே நிரம்பிவிட்டது என்று நகரத்துக்கு வெளியே சென்டாஃபாவில் பிரெஞ்சு நிதியில் புதுக் கிடங்கு கட்டி, லாரிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சுற்றியிருந்த விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள், சில மாதங்களிலேயே கிடங்கை மூட வேண்டி வந்தது, லாரிகள் திரும்பவும் கோஷேவுக்கே வந்தன. அப்புறம்தான் அந்தச் சரிவு. விவசாயிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மறித்திருப்பேன். ஆனால் லாரியை மறித்ததால் குப்பை குறையவில்லை, எதிர்த்துப் பேச முடியாத ஏழைகள் இருக்கும் இடத்துக்குத்தான் போனது. ஊர்க்கூட்டத்தில் இரண்டு தரப்பிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆலை கோஷேவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் திறந்தார்கள், சுமார் 12 கோடி டாலர் செலவு, நாளுக்கு 1,400 டன் எரிக்கலாம் என்று திட்டம். திறந்த பிறகு நின்று நின்றுதான் ஓடியது, சொன்ன அளவுக்குக் கரண்டும் வரவில்லை. கோஷேவும் காணாமல் போய்விடவில்லை. ஆலை ஏன் திணறியது என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள், பாய்லர் பார்த்தவனாக எனக்குப் பெரிதாகத் தெரிவது ஈரம். ஆப்பிரிக்க நகரங்களில் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையல் கழிவுதான், காய்த்தோல், மிச்சச் சாப்பாடு, காபிச் சக்கை என்று. அதோடு ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. ஈரமாகப் போட்டால் எரிகிற சூட்டில் நல்ல பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், கரண்ட் எடுக்கிற நீராவிக்கு எவ்வளவு மிஞ்சும்? நம் ஊர்க் குப்பையும் இதே ஜாதிதான். பிரித்து வாங்காத குப்பையை நம்பி ஆலை கேட்டால், ஆலையும் வந்து குழியும் நிரம்பும்.

யார் எடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வாசலுக்கு வருவது சின்னச் சின்னக் குழுக்கள், வேலையில்லாத இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்து அமைத்தவை. தள்ளுவண்டியில் சேர்த்துத் தெருவோரப் பெரிய இரும்புத் தொட்டியில் போடுவார்கள், அங்கிருந்து நகர நிர்வாகத்தின் லாரி. கட்டணத்தைத் தண்ணீர் பில்லோடு சேர்த்து வாங்குகிறார்கள், தனியாக வசூலுக்கு ஆள் போட வேண்டியதில்லை. இது தவிர கொராலே என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, பழைய பாட்டில், தகரம், செருப்பு எல்லாம் காசு கொடுத்து வாங்கி மெர்காட்டோ சந்தையில் மினாலெஷ் தெரா என்கிற பகுதியில் விற்பார்கள். அந்தச் சந்தையில் தகரத்தை அடித்து அடுப்பு செய்கிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நகரத்துக் குப்பையில் விலை போகிற பொருளை மேட்டுக்குப் போகாமல் காப்பாற்றுவது அவர்கள்தான், ஆலை அல்ல.

ரிக் வண்டி:

திருச்செங்கோடுங்க, உகாண்டாவில் கம்பாலாவில் போர் ஓட்டினோம். நூல் மில் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பாலாவுக்கு வடக்கே கிடீஸி என்று குப்பைக் கிடங்கு, 1996 முதல் நடந்தது. 2024 ஆகஸ்ட் 10 அன்று நல்ல மழையில் சரிந்து கீழே இருந்த வீடுகள் மேல் விழுந்தது, 35 பேர் போய்விட்டார்கள். ஈரக் குப்பையை மலையாகக் குவித்தால் உள்ளே அழுகி வாயு கட்டும், மேலே மழை இறங்கும், பிடிமானம் போய்விடும். அந்த வாயுதான் தீப்பிடித்தாலும் அணைய விடாமல் செய்வது. கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலில் பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆனது நினைவிருக்கும்.

ஆனால் கம்பாலாவில் ஒரு நல்ல விஷயம் பார்த்தேன். அங்கே தினச் சாப்பாடு மட்டோகே, வாழைக்காயை அவித்துப் பிசைந்தது. தோல் மலை மலையாக வரும். மாடு, ஆடு, பன்றி வளர்ப்பவர்கள் அந்தத் தோலை மூட்டையாக வாங்கிப் போவார்கள், அதைச் சேர்த்து விற்பதே சிலருக்குப் பிழைப்பு. தோலில் பாலிதீன் கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள். அதனால் தானாகவே பிரித்து வைக்கிறார்கள்.

பாறைக்குழிக்கு வருகிறேன். "அது பாறைதானே, தண்ணீர் கீழே இறங்காது" என்று உங்களிடம் சொல்வார்கள், தயவுசெய்து நம்ப வேண்டாம். நம் பக்கத்தில் போரில் தண்ணீர் கிடைப்பதே பாறை வெடிப்பில்தான். வேட்டு வைத்துக் கல் எடுத்த குழி என்றால் சுற்றிலும் புதிதாகவும் வெடிப்பு விட்டிருக்கும். குப்பைச் சாறு அதில் இறங்கினால் எந்தக் காட்டு போரில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அரைக் கிலோமீட்டர் தள்ளி வந்தாலும் வரும், வந்தால் திரும்பச் சுத்தம் செய்வது ரொம்பக் கஷ்டம். இரவில் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயம் இது, ஏனென்றால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் தென்னையும் மாடும் மனுஷனும்.

சூளைமேட்டுப் பார்வை:

நூல் மில் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எரிப்பதே தப்பு என்று கிளம்பினால் நாளைக்கு மல்டிலேயர் பாக்கெட் (சிப்ஸ் கவர் மாதிரி பல அடுக்கு ஒட்டியது), கிழிந்த தெர்மாகோல், பழைய ரெக்ஸின் எல்லாம் எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்க மாட்டார். சிமென்ட் ஆலைகள் காய்ந்த குப்பையை எரிபொருளாக எடுக்கின்றன. 2026 ஏப்ரலில் மாறும் வரை இருந்த 2016 திடக்கழிவு விதிகளே, மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் குப்பையைப் புதைக்கக் கூடாது, எரிசக்திக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்றன. ஆலையையே வேண்டாம் என்று மனு எழுதிவிடாதீர்கள்.

நூல் மில்:

நீங்கள் சொல்வது சரிதான், காய்ந்ததை எரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஈரத்தை அதில் கலந்து கொண்டுவருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எருக்குழி:

எங்கள் வீட்டில் தோட்டம் உண்டு, காய்கறிக் கழிவு எருக்குழிக்கு, கழனித் தண்ணீர் மாட்டுக்கு. நகரத்தில் இருக்கிற என் தங்கை பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறாள், வண்டியில் இரண்டும் ஒன்றாக விழுகிறது. பெண்கள் வேலை மெனக்கெட்டுப் பிரித்ததை மதிக்காமல் கலக்குவது எனக்கு ரொம்ப வருத்தம். அந்தக் கலந்த குப்பைதான் தம்பி உங்கள் ஊருக்கு வரப்போவது.

அதனால் கூட்டத்தில் ஆலை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடாமல், எந்தெந்த வார்டில் ஈரக் குப்பையைத் தனி வண்டியில் எடுக்கிறீர்கள், அது எந்த உரக்கூடத்துக்குப் போகிறது, போக மிச்சம் எத்தனை டன் என்று எழுத்தில் கேளுங்கள். 2026 ஏப்ரல் வரை இருந்த 2016 விதிகள்படி புதைகுழிக்கு மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் ஆகாத மிச்சம் மட்டும்தான் போக வேண்டும் என்று இருந்தது. குளத்திலிருந்தும், வீடுகளிலிருந்தும், குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன அந்த விதிகள். அடியில் களிமண் படுகையும் அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்பில் பிளாஸ்டிக் விரிப்பும் போட வேண்டும் என்றும் இருந்தது. கரடுமுரடான பாறைக்குழியில் அந்த விரிப்பைக் கிழியாமல் எப்படிப் போடுவார்கள் என்று நான் இருந்தால் முதலில் கேட்பேன்.

பாறைக்குழி ஊர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சென்டாஃபா கதையை அப்படியே கூட்டத்தில் சொல்லப் போகிறேன். குழியிலிருந்து எங்கள் பொதுக் கிணறு 200 மீட்டருக்குள்தான் வரும் என்று நினைக்கிறேன், நாடா பிடித்து அளந்துவிடுகிறோம். ரிக் அண்ணா, இன்னும் ஒரு லாரிகூட வரவில்லை, இப்போதே தண்ணீரை டெஸ்ட் செய்து வைத்தால் பின்னால் உதவுமா? எந்தக் கிணற்றில் எடுப்பது?

ரிக் வண்டி:

கட்டாயம் இப்போதே செய்யுங்க. குப்பை வந்த பிறகு எடுத்தால் "உங்கள் தண்ணீர் முன்னாலேயே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். குழிக்குச் சரிவான பக்கம் இரண்டு போர், மேட்டுப் பக்கம் ஒன்று, அப்புறம் பொதுக் கிணறு. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கும், கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா நான்கும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எந்த போர், என்ன தேதி என்று தெளிவாக இருக்க வேண்டும், ஒரு நகலைப் பஞ்சாயத்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.