சுண்டெலியில் காசநோய் மருந்துச் சேர்க்கை: தட்டில் காலனி இல்லை என்றால் நோய் போச்சா?

ஊட்டி_பார்மசி: ஆய்வு முன்மொழிவு எழுதுகிறேன். பால்ப்-சி என்ற ஆய்வக வகைச் சுண்டெலிக்குக் காற்றுவழிக் காசநோய்த் தொற்று, பிறகு பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட். விலங்கு வேலை சமவெளியில், மூன்றாம் நிலைப் பாதுகாப்புக் கூடத்தில். கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டு தயாரிப்பது மட்டும் இங்கே ஊட்டியில். 2 மாதத்தில் நுரையீரலை அரைத்துத் தட்டில் பூசி, காலனியே (கண்ணுக்குத் தெரியும் கிருமித் திரள்) வராவிட்டால், வழக்கமான மருந்தைவிட இது மேல் என்று எழுதலாமா?

மலைப்பூண்டு: எழுத முடியாதுங்க. காலனி குறைவது மருந்தின் வேகம், நோய் திரும்புமா என்பது வேறு. 2014ல் வெளியான, மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிய ஆய்வில் நோயாளிகளின் சளி சீக்கிரமே சுத்தமானது. ஆனால் 4 மாதத்தில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம்.

2, 3, 4 மாதத்தில் மருந்தை நிறுத்தும் தனித்தனிக் குழு வையுங்க, குழுவுக்கு 15 சுண்டெலி. நிறுத்தி 3 மாதம் சும்மா விட்டு, முழு நுரையீரலையும் அரைத்து மிச்சமில்லாமல் பூசணும். 15ல் ஒன்றுகூடத் திரும்பாவிட்டாலும் உண்மை விகிதம் 18 சதவீதம்வரை இருக்க இடமுண்டு. 6 சுண்டெலியை வைத்துப் பெருமை பேசாதீங்க.

வழக்கமான மருந்து பெறும் ஒப்பீட்டுக் குழுவுக்கு ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 10 மி.கி. முதலில், ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஐசோனியாசிட், பைரசினமைடு. ஒன்றாகக் கொடுத்தால் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் இறங்கும், உங்க புது சேர்க்கை சும்மாவே ஜெயிக்கும்.

கரித்தட்டு: அந்த 2 மாதப் பூஜ்யமே பொய்யா இருக்கலாம். பெடாகுவிலின் திசுவில் வாரக்கணக்கில் தங்கும். அரைத்த நுரையீரலோடு தட்டுக்கும் வந்து, உயிருள்ள கிருமியை முளைக்க விடாது. 7எச்11 என்ற அகார் ஊடகத்தில் 0.4 சதவீதம் செயலூட்டிய கரி சேருங்க. மாசு தடுக்கப் போடும் ஆன்டிபயாடிக்கையும் கரி உறிஞ்சும், அதனால் அவற்றை இரட்டிப்பாக்கணும். 37 டிகிரியில் 6 வாரம் விடுங்க. 4 வாரத்தில் எண்ணினால் மெதுவாக வருபவை விட்டுப்போகும். சோதிக்க ஒரு வழி: தொற்றில்லாத சுண்டெலிக்கு மருந்து கொடுத்து, அதன் நுரையீரலில் எண்ணிய கிருமியைக் கலந்து பூசுங்க. போட்டது அத்தனையும் திரும்ப வரணும்.

குன்னூர்க்_குளிர்: தட்டு ஊட்டியிலா? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஊடகத்தை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அழுத்த முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான். தேவையான 121 டிகிரிக்கு 18, 19 பவுண்டு வேணும். முள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பாருங்க, வால்வு தாங்குமான்னும் கேட்டுக்கோங்க.

ஊட்டி_பார்மசி: கரி அடியில் தங்கிடுதே?

கரித்தட்டு: ஊற்றி முடிக்கிறவரை கலக்கிக்கிட்டே இருங்க. 50 டிகிரிக்குக் கீழே போக விடாதீங்க, ஊட்டிக் குளிரில் அகார் குடுவையிலேயே உறைஞ்சிடும்.