மறு: குளிர்கிடங்கு வாசலுக்கான சொற்கள் – ‘வெப்பத்தடுப்பு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். நம் சொற்பட்டியலுக்காகக் குழுவில் வந்த கேள்வி இது:

> ஆன்ட்டி ரூம், ஏர் கர்ட்டன், ஸ்ட்ரிப் கர்ட்டன், டாக் சீல் எல்லாமே வெப்பத்தைத் தடுப்பவைதானே, ‘வெப்பத்தடுப்பு அறை’, ‘வெப்பத்தடுப்புத் திரை’ என்று ஒரே வேரில் வைத்துவிடலாமா?

வேண்டாம் என்பேன். வெப்பத்தைத் தடுப்பது சுவரில் இருக்கும், நுரை அடைத்த பஃப் பேனலின் வேலை. வாசலில் நாம் மல்லுக்கட்டுவது காற்றோடு, அதைவிட அந்தக் காற்று சுமந்து வரும் ஈரத்தோடு.

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மைனஸ் 18 அல்லது 20, வெளியே 30 டிகிரி, கடலோரப் புழுக்கம். கதவைத் திறந்ததும் கனத்த குளிர்காற்று தரையோடு வெளியே ஓடும், அந்த இடத்தை நிரப்ப மேல்பாதி வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். கதவு நிலையில் மேலும் கீழுமாக இரண்டு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், மேல்நூல் உள்பக்கம் சாயும், கீழ்நூல் வெளிப்பக்கம் சாயும். அந்த வெளிக்காற்று ஒரு கனமீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி கொண்டுவரும், மைனஸ் 20-இல் இருக்கும் காற்றால் ஒரு கிராம்கூடத் தாங்க முடியாது. மிச்சமெல்லாம் எங்கே போகும்? காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான கூலர் காயிலில் பனியாக ஒட்டும், கூரையில் படியும், வாசல் தரையில் வழுக்கும். காயிலில் பனி ஏறினால் காற்றோட்டம் குறையும், அதை உருக்கக் குளிர்கிடங்குக்குள்ளேயே சூடு வைக்க வேண்டும், அந்தச் சூட்டையும் அப்புறம் கம்ப்ரசர்தான் வெளியே இழுக்க வேண்டும்.

அதனால் வேர்ச்சொல்லில் காற்று இருக்க வேண்டும். என் பரிந்துரை ‘புகுகாற்று’. வினைத்தொகை என்பதால் புகுந்த, புகுகிற, புகும் காற்று மூன்றுக்கும் பொருந்தும். இப்படிப் புகும் காற்றால் குளிர்விக்கும் இயந்திரத்துக்குக் கூடும் வேலை, அதாவது இன்ஃபில்ட்ரேஷன் லோட் என்பதை ‘புகுகாற்றுச் சுமை’ என்று தயங்காமல் எழுதலாம். ‘காற்றுக்கசிவு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார், ஆனால் திறந்த கதவில் நடப்பது கசிவே இல்லை, வெள்ளம்.

அடுத்து ஆன்ட்டி ரூம். இதற்கு ‘முன்னறை’ போதாது, கிடங்கு அலுவலகத்தின் வரவேற்பறையும் முன்னறைதான். இந்த இடத்தின் உயிரே இரண்டு கதவுக்கு நடுவில் இருப்பதும், ஒன்று திறந்திருக்கையில் மற்றது மூடியிருப்பதும்தான். இங்கே 10 டிகிரிக்குக் கீழே வைத்து ஈரத்தை முதலிலேயே பிடித்துவிட்டால் உள்ளே போகும் காற்று ஓரளவு காய்ந்த காற்றாகிவிடும். வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே இருக்கும் இடத்துக்கு நம்மிடம் ‘இடைகழி’ என்று சொல்லே இருக்கிறது. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்களும் நெருக்கியடித்து நின்றது இடைகழியில்தான். பழைய வீடுகளில் ரேழி என்பதும் அதுவே. ‘குளிர் இடைகழி’ என்று வைப்போம். நடுவில் ‘க்’ போட்டு ‘இடைக்கழி’ ஆக்கிவிடாதீர்கள்.

வாசலின் குறுக்கே விசிறியால் காற்றை வீசித் தடுக்கும் ஏர் கர்ட்டனுக்குக் ‘காற்றுத்திரை’ ஏற்கெனவே புழங்குகிறது, மாற்றத் தேவையில்லை. வாசலில் பிளாஸ்டிக் பட்டைகளாகத் தொங்கும் ஸ்ட்ரிப் கர்ட்டனுக்குப் ‘பட்டைத்திரை’. ‘கீற்றுத்திரை’ என்றால் தென்னங்கீற்றுதான் கண்ணில் வரும். இந்தப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தொங்கினால்தான் பயன். முகத்தில் அடிக்கிறது, பெட்டியில் மாட்டுகிறது என்று லோடுமேன்கள் அள்ளி ஓரமாகக் கயிற்றில் கட்டிவிடுவார்கள், அப்படிக் கட்டியதும் அங்கே திரை என்று ஒன்றில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குளிரில் விறைத்த பட்டை நிஜமாகவே வலிக்கும். குளிரில் விறைக்காத ரகம் வாங்கிப் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு.

டாக் சீல் என்பது சரக்கேற்றும் வாசலைச் சுற்றி இருக்கும், கன்டெய்னரின் பின்பக்கம் வந்து அழுந்தும் மெத்தை. ‘வாயிலணை’ எப்படி? பஞ்சணையில் இருக்கிற அதே அணை, தடுத்து நிறுத்துகிற அணையும் கூட. இது இல்லாத இடங்களில்தான் சரக்கு அதிகம் பாழாகிறது: வெயிலில் கன்டெய்னர் கதவு விரியத் திறந்திருக்கும், ஏற்றி முடிப்பதற்குள் அட்டைப்பெட்டிகள் வியர்த்து ஊறிவிடும், அப்புறம் குளிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிர்காற்று வீணாகக் கூடாதே என்று கன்டெய்னரின் குளிரூட்டும் மெஷினை ஓடவிட்டபடி ஏற்றுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், அதன் விசிறியே ஈரக்காற்றை இழுத்துக் காயிலில் பனியாக்கிவிடும். வாயிலணை இல்லையென்றால் கதவு திறந்திருக்கும்வரை மெஷினை நிறுத்தி வைக்க வேண்டும், சரக்கைக் கிடங்கிலேயே நன்றாக உறையவைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த மெஷின் சரக்கின் குளிரைக் காப்பாற்றத்தான், புதிதாக உறையவைக்க இல்லை. இதைச் சொற்பட்டியலின் விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்கவேண்டும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ஏற்றுமேடைக்கும் லாரித் தளத்துக்கும் நடுவே பாலம்போல விழுகிற இரும்புத் தகடு, டாக் லெவலர். அதன் ஓர இடுக்குகளிலும் புகுகாற்று வரும், அதனால் பட்டியலில் இடம் வேண்டும். எனக்குச் சரியான சொல் அமையவில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் குழுவில் இருந்தால், அங்கே ஆட்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள்.