அம்மாவின் முழங்கால் வலிக்கு மசாஜ் பயன் தருமா?

உறையூர்க்காரி:

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. வருஷக்கணக்காகக் கால்மிதி மெஷினில் ஜாக்கெட் தைத்தவர். இப்போது வலது முழங்கால் படுத்துகிறது. படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுகிறார், இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். காலையில் எழுந்ததும் கால் பிடித்துக்கொள்ளும், நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர் ‘தேய்மானம், ஆரம்ப நிலைதான்’ என்று சொல்லி வலி மாத்திரையும் தடவுவதற்கு ஜெல்லும் கொடுத்தார். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறதாம். ரெண்டையும் நிறுத்திவிட்டார்.

பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு மசாஜ் நிலையம் வந்திருக்கிறது. மூட்டு வலிக்குத் தனி பேக்கேஜாம். ‘தேய்ந்த ஜவ்வு மீண்டும் வளரும்’ என்று போர்டே வைத்திருக்கிறார்கள். பணம் முழுவதையும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். அம்மா போகலாம் என்கிறார், தம்பி எல்லாம் ஏமாற்று என்கிறான். மசாஜில் உண்மையிலேயே பயன் உண்டா? வீட்டில் நானே செய்துவிடலாமா? என்ன எண்ணெய் நல்லது?

மணப்பாறை மைனர்:

காசு கட்டாதீங்க அக்கா. எங்க ஆத்தாவுக்கு உளுந்துத் தைலம்தான். வெதுவெதுன்னு சுட வெச்சுத் தடவிட்டு, நொச்சி இலை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தடம். அப்பப்போ முடக்கத்தான் தோசை. இன்னும் சந்தைக்கு நடந்தேதான் போகுது.

குமரி பிசியோ:

நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் பக்கம் வர்ம ஆசான்மார் அதிகம். அதனால் மூட்டு வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எங்காவது எண்ணெய் போட்டு நீவிக்கொண்டவர்கள்தான். அதை நான் குறை சொல்வதில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்வார்கள்.

ஆனால் அந்தப் போர்டு பொய். ஜவ்வு என்று நாம் சொல்கிற குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. உள்ளே தேய்ந்ததை வெளியிலிருந்து தேய்த்து வளர்க்க முடியாது. ‘வளரும்’ என்று எழுதி வைத்திருக்கிற இடத்தில் முன்பணம் கட்டவே வேண்டாம்.

அப்படியென்றால் மசாஜ் வீணா? இல்லை. முழங்கால் வலிக்க ஆரம்பித்ததும் அந்தக் காலில் பாரம் போடப் பயப்படுவோம். தொடையின் முன்பக்கத் தசை மெலிய ஆரம்பிக்கும், பின்தொடையும் கெண்டைக்காலும் இறுகிக்கொள்ளும். மூட்டைத் தாங்க வேண்டிய தசை பலம் குறைந்தால் வலி இன்னும் கூடும். மசாஜ் வேலை செய்வது இந்தத் தசையில்தான், மூட்டுக்குள் அல்ல.

அமெரிக்காவில் ஆடம் பெர்ல்மேன் குழுவினர் முழங்கால் தேய்மானக்காரர்களுக்கு ஸ்வீடிஷ் மசாஜ் (நீளமாக நீவிப் பிசைகிற வகை) கொடுத்துத் தொடர்ந்து சோதித்திருக்கிறார்கள். 2006ல் 68 பேர். 2012ல் 125 பேரை வைத்து எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று பார்த்ததில், வாரம் ஒரு முறை 60 நிமிடம் போதும் என்று வந்தது. வாரம் இரண்டு முறை செய்தும் கூடுதலாகப் பெரிய பலன் இல்லை. 2018ல் 222 பேர்: 8 வார முடிவில் மசாஜ் எடுத்தவர்களுக்கு வலியும் விறைப்பும் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் மசாஜை ஒரு சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அது அழுத்தமாகச் சொல்வது உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, முழங்காலுக்குத் தடவும் வலி ஜெல். அதனால் மாத்திரை வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஜெல்லையும் சேர்த்து ஏன் நிறுத்தினீர்கள்? ஒன்று கவனம்: ஜெல் தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள், எண்ணெயையும் ஜெல்லையும் கலக்காதீர்கள்.

என் நோயாளிகளிடம் நான் சொல்வது இதுதான்: நீவிவிட்ட பிறகு வலி கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். அந்த நேரத்தில் படுத்துத் தூங்கிவிடாமல் பயிற்சி செய்யுங்கள். மசாஜுக்கு நான் தரும் மதிப்பே அதனால்தான்.

வீட்டில் நீங்களே செய்யலாம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை ஸ்டூலில் நீட்டி, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால் தசை தளராது. நல்லெண்ணெயே போதும், தைலத்துக்குச் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. உள்ளங்கை முழுவதும் படிய, முழங்காலுக்கு மேலிருந்து இடுப்பை நோக்கி நீளமாக நீவுங்கள். தொடைத் தசையைச் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசையலாம். அப்புறம் கெண்டைக்கால், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி. முழங்கால் சிப்பியைச் சுற்றிக் கட்டைவிரலால் மெதுவாக வட்டம். சிப்பியை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் லேசாக நகர்த்தினால் அம்மா ‘ஆ, அங்கதான்’ என்பார். முழங்காலின் பின்குழியில் மட்டும் அழுத்தவே கூடாது, ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன. கால் மணி நேரம் போதும். முடிந்ததும் பாதத்தில் வழிந்திருக்கிற எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுப்புங்கள். மொசைக் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வருகிறவர்களையும் நான்தான் பார்க்கிறேன்.

உடனே பயிற்சி. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அழுத்தி 5 எண்ணும்வரை பிடித்து விடவேண்டும், 10 முறை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி இறக்குவது, அதுவும் 10.

எடை கூடுதலாக இருந்தால் குறைக்கட்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிக்கொடுங்கள். அரிவாள்மனையையும் விட்டுவிட்டு, தரையில் உட்காராமல் மேடையில் வைத்துக் கத்தியால் நறுக்கச் சொல்லுங்கள், சண்டை போடுவார், பரவாயில்லை.

போடிமெட்டு:

எனக்கு இருப்பது தேய்மானம் இல்லை, சரவாங்கி. டாக்டர்கள் ருமாட்டாய்டு என்கிறார்கள். ரெண்டையும் ஒன்றாக நினைத்து யாரும் நீவிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு நாலு எட்டில் விட்டுப்போகிற விறைப்பு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ரெண்டு கை விரல் கணுக்களும் ஒரே மாதிரி வீங்கும், தொட்டால் சுடும். அப்படிச் சுடுகிற நேரத்தில் ஒரு வைத்தியசாலையில் மணிக்கட்டைப் போட்டுப் பிசைந்து, சூடாகக் கிழி என்கிற துணிமூட்டை ஒத்தடமும் கொடுத்தார்கள். அன்று ராத்திரி தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. வீக்கம் உள்ள மூட்டை விட்டுவிட வேண்டும். கழுத்தை நெட்டி முறிப்பது எங்களுக்கு ஆபத்து, கழுத்தெலும்பின் மேல் மூட்டையே இந்த நோய் தளர்த்திவிடும் என்று என் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்.

இந்த நோயை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய் மட்டும் போடச் சொல்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். வீக்கம் அடங்கிய நாட்களில் மகள் முன்கையையும் உள்ளங்கையையும் லேசாகப் பிடித்துவிடுவாள். அதில் சுகம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ சார், ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டும் இருக்கிறது. அப்படியும் நீவலாமா?

குமரி பிசியோ:

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. எலும்பு டாக்டருக்கு ஸ்டென்ட் விஷயம் தெரியுமா? வலி மாத்திரைகளில் பலவும் இதய நோயாளிகளுக்கு ஆகாது. மாத்திரை, ஜெல் இரண்டையும் இதய டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே மேற்கொண்டு எதுவும்.

அவர் சரி என்றால் தொடையை மட்டும் உள்ளங்கையால் லேசாக நீவலாம். கட்டைவிரலால் குத்தி அழுத்தினால் அந்த மாத்திரைக்கு உடனே கன்றிப்போகும். நரம்பு புடைத்த கெண்டைக்காலைத் தொடவே வேண்டாம். என்றைக்காவது ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெயைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், நீவினால் அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம்.

ஒத்தடத்தின் சூட்டை அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். சர்க்கரையால் கால் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது. உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். பயிற்சிக்கு எந்தத் தடையும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் 5 எண்ணும்போது மூச்சை அடக்க விடாதீர்கள், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.