இட்சென் வாய்க்காலில் சதர்ன் ஊசித்தட்டான்: ஒரே நாளில் தூர்வாரலாமா?

கரைக்கோரை (கேள்வி)
இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இட்சென் ஆற்றையொட்டிய பழைய பாசனப் புல்வெளியில் 200 மீட்டர் வாய்க்கால் ஒன்று. நாணல் மண்டித் தண்ணீரே தெரியவில்லை. அக்டோபரில் எந்திரம் வைத்து ஒரே நாளில் அள்ளிவிடலாம், பறக்கும் பருவம் முடிந்திருக்கும், பூச்சிக்குச் சேதமில்லை என்கிறது தன்னார்வலர் குழு. சரியா? ஜூனில் அங்கே பறந்த நீலப் பூச்சி சதர்ன் ஊசித்தட்டான்தானா என்று எப்படி உறுதிசெய்வது?

நீர்வரி
அடையாளத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆணின் வயிற்றில் இரண்டாம் கண்டத்தின் (வளையத்தின்) மேல் உள்ள கறுப்புக் குறியைப் பாருங்கள். புதன் கோளின் குறியீடு போல, கொம்பு வைத்த தலை மாதிரி இருந்தால் சதர்ன். மெர்க்யூரியாலே என்ற அறிவியல் பெயரே அதனால் வந்தது. வெறும் ‘யு’ வடிவமென்றால் அசூர், காளான் போல இருந்தால் காமன் புளூ; இரண்டும் வேறு நீல ஊசித்தட்டான்கள். சதர்ன் சற்றுச் சிறியது, 3 செ.மீ. அளவுதான், வயிற்றின் நடுக்கண்டங்களில் ஈட்டிமுனைக் கறுப்பு. பெண்ணை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

எண்ணுவதென்றால் ஜூன், ஜூலையில், வெயில் அடிக்கும் நாளில், 17 டிகிரிக்குக் குறையாதபோது, காலை 11 முதல் பிற்பகல் 3 வரை கரையோரம் மெதுவாக நடந்து ஆண்களை மட்டும் எண்ணுங்கள். கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் பைனாகுலர் போதும். வலை வேண்டாம்: 1998 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம், பிடிக்க உரிமம் தேவை.

சேற்றுக்கால்
குழுவின் கணக்கு அடியோடு தப்பு. பறப்பது சில வாரங்கள்தான், மற்ற காலமெல்லாம் அது தண்ணீருக்குள். பிரிட்டனில் லார்வா (தண்ணீரில் வாழும் இளம்பருவம்) வளர 2 ஆண்டு ஆகும். ஆகவே அக்டோபரில் அந்தச் சேற்றில் இரண்டு தலைமுறை கிடக்கும், ஒன்று இந்தக் கோடை முட்டையிலிருந்து, மற்றது போன ஆண்டினுடையது. ஒரே நாளில் அள்ளினால் இரண்டும் வண்டியேறிவிடும். வெளியிலிருந்து வந்து நிரப்பும் என்றும் நம்ப முடியாது. பெரும்பாலானவை வாழ்நாளில் 100 மீட்டர்கூட நகர்வதில்லை. இடையே அடர்ந்த புதர் இருந்தால் அதையும் தாண்டாது.

20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, மூன்றில் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு தொடுங்கள். அடுத்தது அடுத்த ஆண்டு. எந்திரத்தைவிட மண்வெட்டியும் கவைக்கோலும் மேல். ஆழப்படுத்தாதீர்கள், இதுதான் அதிகம் நடக்கும் பிழை. 10–30 செ.மீ. ஆழத்தில் மெல்ல ஓடும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். சுண்ணாம்புப் பாறை ஊற்றுநீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 10 டிகிரியில் வருவதால் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஆழமாக்கித் தேங்கவிட்டால் அந்த நன்மை போய்விடும். வாட்டர்கிரெஸ் என்ற நீர்க்கீரை போன்ற மென்தண்டுச் செடிகளை விட்டுவையுங்கள். பெண் தண்டைத் துளைத்து முட்டையிடுவது அவற்றில்தான்.

இட்சென் பாதுகாக்கப்பட்ட ஆறு என்பதால், மண்வெட்டி எடுக்குமுன் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.

தாழைமடல்
தூர்வாரியதும் கம்பிவேலி போட்டு மாட்டைத் தடுத்துவிட்டால் செடி பிழைக்குமே?

சேற்றுக்கால்
சில ஆண்டில் வாய்க்கால் பழைய நிலைக்கே போய்விடும். நாணலையும் வில்லோ மரக்கன்றையும் கடித்து அடக்குவது மாடுதான். குளம்பு பட்டுக் கரை சரிந்து ஆழமற்ற ஓரமும் கிடைக்கிறது. ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பகுதியில் மேயும் குதிரைகள் செய்வதும் இதையே. ஆனால் மந்தை பெருத்தால் முட்டைக்கான தண்டையும் தின்றுவிடும். வேலியைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. மேட்டு வயலிலிருந்து உரநீர் வந்தால் மாடும் கைகொடுக்காது, பாசி மூடிவிடும்.

தாழைமடல்
ஒருவேளை இனமே போய்விட்டால் வேறிடத்திலிருந்து கொண்டுவரலாமல்லவா?

நீர்வரி
டெவன் மாவட்டத்தின் வென் ஆட்டரியில் 2009-இல் நியூ ஃபாரஸ்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முதலில் வாழிடத்தைச் சீர்செய்தார்கள், அப்புறம்தான் பூச்சி. உங்களிடம் இருப்பதை விட்டுவிட்டு அதை நம்புவது வீண்செலவு.

கரைக்கோரை
அள்ளிய செடியை எங்கே போடுவது?

சேற்றுக்கால்
ஒருநாள் நீர்விளிம்பிலேயே, மெல்லிசாகப் பரப்பி. சிக்கிய லார்வாக்களில் சில ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பும். மறுநாள் கரையைவிட்டுத் தள்ளி அகற்றுங்கள். அங்கேயே அழுகினால் சத்தெல்லாம் வாய்க்காலுக்குத்தான்.