தாகம் இல்லையென்றால் உடலில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று பொருளா?

கானாடுகாத்தான் பேத்தி:
வணக்கம். 81 வயதான என் அப்பத்தா, 40 டிகிரி வெயில் கொளுத்தும் நாளிலும் வளவுத் தூணில் சாய்ந்தபடி, “எனக்குத் தாகமே எடுக்கலையே ஆத்தா” என்கிறார். காலையில் பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் மாலையிலும் குறையாமல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் நாக்கு வறண்டிருக்கிறது, சிறுநீரும் அடர்மஞ்சளாகப் போகிறது என்கிறார். இந்த வெயிலிலும் உடற்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருப்பது எப்படி? நீர் குறைந்தால் தாகம் எடுக்க வேண்டாமா?

தேவகோட்டை ஆசிரியர்:
மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், தன் வழியே ஓடும் இரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் செய்தியையும் ஓயாமல் கவனித்து, சூடு சற்றே ஏறினாலும் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து வியர்வையைச் சுரக்க வைக்கிறது. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரிதான் என்பதால், 40 டிகிரிக் காற்று உடலுக்குச் சூட்டைக் கொடுக்குமே தவிர எடுத்துச் செல்லாது. அப்போது கைகொடுப்பது வியர்வை ஒன்றுதான், அதுவும் ஆவியானால் மட்டுமே: 1 லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. கடற்கரை ஊர்களைவிட நம் பக்கத்துக் கோடைக் காற்று வறண்டது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பத்தாவின் சேலை நனையவில்லை என்பதை வைத்து அவருக்கு வியர்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், காரைக்குடி:
நீங்கள் கவனித்த சிறுநீரின் நிறம் முக்கியமானது. நீர் குறைந்து இரத்தத்தின் உப்புச் செறிவு 1 அல்லது 2 விழுக்காடு கூடினாலே, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வெளிவந்து, நீரை விடாமல் பிடித்துக்கொள்ளுமாறு சிறுநீரகத்தை ஏவுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரை மட்டுமே வெளியே விடும் சிறுநீரகம் அதையும் சுருக்கிக்கொள்வதால்தான் நிறம் அடர்கிறது. தாகமும் இதே செறிவால் எழுவதுதான். ஆனால் வயதாக ஆக அந்த உணர்வு மங்கிவிடுகிறது, நீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தின் திறனும் குறைகிறது. ஆகவே அவர் கேட்கும்வரை காத்திராமல், மணிக்கொரு முறை அரை டம்ளர் தண்ணீரோ உப்பிட்ட நீர்மோரோ நீங்களே கையில் கொடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்பு இருந்தால் நீரின் அளவையும் உப்பையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். உடல் கொதித்து, பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, ஈரத்துணியால் உடலைத் துடைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கானாடுகாத்தான் பேத்தி:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை 7 மணி முதல் நானே அருகில் அமர்ந்து தண்ணீர் கொடுத்தேன். மதியத்துக்குள் சிறுநீரின் நிறம் வெளிறிவிட்டது. அப்பத்தா இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் மோரில் உப்புச் சேர்க்கவில்லை. அந்த மாத்திரை சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் வகையா என்பதை நாளை மருத்துவரிடம் கேட்டு எழுதுகிறேன்.