எட்டு கிளிப்பும் ஒரு தேங்காய்ச் சில்லும்

குழு: பெரிய வீடு
ஞாயிறு

செந்தில், 9.12
பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? காரின் இடது ஹெட்லைட் பல்பு போய்விட்டது. உள்ளே கை போக வேண்டுமானால் ரேடியேட்டருக்கு மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பது எட்டு பிளாஸ்டிக் கிளிப். இரண்டை உடைத்துவிட்டேன்.

கவிதா அக்கா, 9.14
மீதி ஆறையும் உடைத்துவிட்டே கேட்டிருக்கலாம்.

பெரியப்பா, 9.20
முதலில் திருப்புளியைக் கீழே வை. எப்படிக் கழற்றினாய்?

செந்தில், 9.21
விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினேன்.

பெரியப்பா, 9.24
கிளிப்பின் கால் முறிந்திருக்குமே! அது ஒரே துண்டு இல்லையப்பா, இரண்டு. வெளியே உறை, நடுவில் ஊசி. ஊசி தன் இடத்தில் இருக்கும்வரை உறையின் கால்கள் விரிந்து துளையைக் கவ்விக்கொண்டிருக்கும். ஊசியை விடுவிக்காமல் உறையை இழுத்தால் எப்படி வரும்? அதிலும் வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக். அப்பளம் மாதிரி நொறுங்கும். நடு வட்டத்தின் ஓரத்தில் திருப்புளி முனை நுழைய வெட்டு இருக்கிறதா, பார்.

செந்தில், 9.27
இல்லை. வழவழவென்று இருக்கிறது. நடுவில் சின்னக் குழி.

பெரியப்பா, 9.29
வெட்டு இருந்தால் ஊசியை மேலே நெம்ப வேண்டும். குழி இருந்தால் உள்ளே அழுத்த வேண்டும். பேனா முனையால் அழுத்து. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி ‘டக்’ என்று நிற்கும். அதோடு நிறுத்து. மேலும் குத்தினால் ஊசி அந்தப் பக்கம் விழுந்துவிடும்.

செந்தில், 9.38
வந்துவிட்டது! நகத்தாலேயே தூக்கிவிட்டேன்.

கவிதா அக்கா, 9.40
என் காரில் நடுவே கூட்டல் குறி இருக்கிறது பெரியப்பா. திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே வருவதில்லை.

பெரியப்பா, 9.43
அதற்குக் கால் சுற்றுப் போதும், கவிதா. ஸ்க்ரூ என்று நினைத்து அழுத்திச் சுற்றினால் வராது. மண் ஏறியிருந்தால் ஊசியும் உறையும் சேர்ந்தே சுற்றும். தண்ணீர் விட்டுக் கழுவு. ஊசித் தலைக்கு அடியில் மெல்லிய முனையைக் கொடுத்து லேசாகத் தூக்கியபடி திருப்பு.

அம்மா, 9.45
செந்தில், இட்லி ஆறுகிறது.

செந்தில், 9.52
பெரியப்பா, ஒரு கிளிப் மட்டும் வேறு மாதிரி. தொளதொளவென்று ஆடுகிறது. அழுத்தினேன், ஊசி உள்ளே விழுந்தேவிட்டது. காந்தம் வைத்து எடுக்கவா?

கவிதா அக்கா, 9.53
பிளாஸ்டிக்கைக் காந்தம் எடுக்குமா, பொறியாளரே?

பெரியப்பா, 9.56
போன சர்வீஸில் யாரோ உடைத்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததைத் திணித்திருப்பார்கள். ஊசி கீழே அடித்தட்டில்தான் கிடக்கும், டார்ச் அடித்துப் பார். சாவியை எடுத்துவிட்டாயா? இன்ஜின் ஆறியிருக்கிறதா? நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் கார்கள் உண்டு. விரல் போனால் கடையில் கிடைக்காது.

செந்தில், 9.58
ஆறிவிட்டது. நேற்று இரவு நிறுத்தியது. உடைந்த இடத்தில் கேபிள் டை கட்டிவிடலாமா?

பெரியப்பா, 10.03
ஓரத்துத் துளையில் ஒரு வாரத்துக்குக் கட்டு. விசிறி, பெல்ட் பக்கம் கூடாது. நாளை சென்னை ஜி.பி. ரோட்டில் இருக்கும் கார் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது கிளிப் வாங்கிவிடு. உடையாத கிளிப் ஒன்றை மாதிரிக்கு எடுத்துப் போ. தலையின் அகலத்தைப் பார்த்து வாங்காதே, துளையை அள. துளை 8 மில்லிமீட்டர் என்றால் 8-க்கு உரியது. 7 போட்டால் இப்போது ஆடியது போலத்தான் ஆடும். நாலைந்து கூடுதலாக வாங்கு, அடுத்த முறையும் நீதானே கழற்றப் போகிறாய்.

செந்தில், 10.05
திரும்பப் போடும்போது?

பெரியப்பா, 10.08
இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். கழற்றிய கிளிப்பை அப்படியே துளையில் வைத்து அழுத்தினால் பிடிக்காது. ஊசியை அடியிலிருந்து தள்ளி, தலைக்கு மேலே துருத்தும்படி செய். பிறகு உறையைத் துளையில் உட்கார வை. கடைசியில் ஊசியை உறையின் மட்டத்துக்கு மட்டும் அழுத்து. எட்டையும் உட்கார வைத்துவிட்டு அழுத்தத் தொடங்கு. ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்றத் துளைகள் நேர்படாது.

கவிதா அக்கா, 10.10
இன்ஜின் மேலே இருக்கும் பெரிய மூடிக்குக் கிளிப்பே காணோமே?

பெரியப்பா, 10.12
பல கார்களில் மூடியின் அடியில் ரப்பர் கிண்ணம், இன்ஜினில் உருண்டைத் தலை ஆணி. கிண்ணம் ஆணியைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு மூலையாக நேர் மேலே தூக்கு. ரப்பர் ஆணியிலேயே தங்கிவிட்டால் எடுத்து மூடியில் பொருத்திவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்து. எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

செந்தில், 10.21
ஊசி கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு தேங்காய்ச் சில்லும் கிடக்கிறது. பாதி தின்றது.

அம்மா, 10.22
செவ்வாய்க்கிழமை நான் எலிப்பொறியில் வைத்தது! பொறி மூடியிருந்தது, தேங்காயைக் காணோம்.

பெரியப்பா, 10.23
மூடியைப் பூட்டாதே. ஹெட்லைட் வயரைப் பார்.

செந்தில், 10.31
பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, பெரியப்பா.